குடும்ப மருத்துவ ரெசிடென்டுக்கு விருதா, போஸ்டருக்கு விருதா?

இரவுப்பணி:
தீப்பொறி நேற்று வேறொரு இழையில் போட்டது இது: "அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ரெசிடென்டுகளுக்கு (பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு) ஆய்வுக்கும் அட்வகசிக்கும் (நோயாளிகளுக்காகக் குரல் கொடுப்பதற்கும்) விருது கொடுப்பதெல்லாம் ஆறுதல் பரிசு. மாநாட்டில் ஒரு போஸ்டர் ஒட்டினவனெல்லாம் ஆய்வாளனா?"

படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மருத்துவ ஆய்வாளர் கெர் வைட்டும் கூட்டாளிகளும் 1961லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரு மாதத்தில் 1,000 பெரியவர்களில் 750 பேருக்கு ஏதோ ஓர் உபாதை. டாக்டரிடம் போவது 250 பேர். ஆஸ்பத்திரியில் சேர்வது 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைவரை போவது ஒரே ஒருவர். ஆராய்ச்சிப் பணம் எல்லாம் அந்த ஒருவரைச் சுற்றியே கொட்டுகிறது. மற்றவர்களைப் பற்றி எழுதும் பிள்ளைக்கு ஒரு கேடயம் கொடுத்தால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

தீப்பொறி:
என் பெயரைப் போட்டே இழை திறந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கெர் வைட் கணக்கு எனக்கும் மனப்பாடம். நான் கேட்டது போஸ்டரைப் பற்றி. மாநாட்டு ஹாலில் கடைசி வரிசை. நாலு மூலையிலும் குண்டூசி குத்திய தாள். நர்ஸ் போனில் நினைவூட்டினால் தடுப்பூசிக்குக் கூடுதலாக ஆள் வருகிறார்கள் என்று சொல்ல ஒரு பட்டை வரைபடம். கீழே ஏழு பெயர், அதில் பாதிப் பேர் தாளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பக்கத்தில் நின்று ஒரு போட்டோ. அடுத்த மாதம் விருது. இது ஆய்வா?

கிராமத்து டாக்டர்:
தடுப்பூசிக்குக் கூடுதலாக ஆள் வந்தார்களா இல்லையா? வந்தார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு? ஜூலியன் டியூடர் ஹார்ட் வேல்ஸில் ஒரு சுரங்க கிராமத்தில் உட்கார்ந்து ஊர் முழுக்க ரத்த அழுத்தம் பார்த்தவர். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அவரும் பொது மருத்துவர்தான். ஆய்வும் அட்வகசியும் ஒரே ஆளிடம் இருந்தன.

தீப்பொறி:
அவர் லான்செட்டில் எழுதினார். போஸ்டர் ஒட்டவில்லை. என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொன்னதற்கு நன்றி டாக்டர்.

வெள்ளைக்கோட்டு:
அட்வகசி என்றால் சும்மாவா? அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்துக் குடிநீரில் ஈயம் கலந்ததை 2015இல் வெளிக்கொண்டு வந்தது யார்? ஒரு குடும்ப மருத்துவர்!

தீப்பொறி:
அதைச் செய்த மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தை மருத்துவர், தம்பி. கேடயத்தைத் துடைத்து வைக்கும் நேரத்தில் இதையும் பார்த்திருக்கலாம்.

வெள்ளைக்கோட்டு:
குழந்தைகளையும் குடும்ப மருத்துவர்தானே பார்க்கிறார்? கருத்தைப் பாருங்கள், எழுத்துப்பிழை பிடிக்காதீர்கள்.

தீப்பொறி:
ஆளையே மாற்றிச் சொன்னது எழுத்துப்பிழையாம்! போன வருடம் காப்பீட்டு இழையிலும் இப்படித்தான். ஆதாரம் கேட்டதும் ஆள் காணாமல் போனீர்கள்.

இரவுப்பணி:
பழைய கணக்கை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? தர மேம்பாட்டு வேலையில் ரெசிடென்டு பங்கெடுத்தே ஆக வேண்டும் என்பது ரெசிடென்டு பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏசிஜிஎம்இயின் விதி. 24 மணி நேர டியூட்டி முடித்து, இன்சூரன்ஸ் கம்பெனியின் முன் அனுமதிக்காகப் போனில் காத்துக் கிடந்து, அதற்கும் மேல் ஒருவன் தரவு சேகரிக்கிறான் என்றால்...

தீப்பொறி:
விதிப்படி செய்தே ஆக வேண்டிய வேலைக்கு விருது எதற்கு? வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதற்கும் கேடயம் கொடுப்பீர்களோ? அட்வகசி கதையும் இதேதான். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் படிக்கட்டில் வெள்ளைக் கோட்டோடு ஒரு போட்டோ, எம்பியின் உதவியாளரோடு பத்து நிமிடம், அதற்கு ஒரு வரி பயோடேட்டாவில். மசோதா என்ன ஆனது என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை. உண்மையில் உழைக்கிறவன் கிளினிக்கில் இருக்கிறான். எங்கள் காலத்தில் மூன்று வருடத்தில் 1,650 நோயாளி சந்திப்பு முடிக்காமல் வெளியே வர முடியாது. அதற்கு எவனும் எங்களுக்குக் கேடயம் கொடுக்கவில்லை.

கிராமத்து டாக்டர்:
ஆ, இப்போது புரிகிறது. உங்களுக்குக் கிடைக்கவில்லை.

தீப்பொறி:
நான் விண்ணப்பிக்கவே இல்லை.

கிராமத்து டாக்டர்:
அதைத்தான் சொன்னேன்.

தீப்பொறி:
தனிப்பட்ட தாக்குதலில் இறங்கினால் வாதம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மறுபடியும் கேட்கிறேன்: போஸ்டர் ஆய்வா? மூன்று பேர் இருக்கிறீர்கள், ஒருவரும் ஆம் இல்லை சொல்லவில்லை.

இரவுப்பணி:
ஆம்! சொல்லிவிட்டேன். போதுமா?

தீப்பொறி:
காரணம்?

புதுமுகம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1,650 எண்ணிக்கை இப்போது இல்லையே? 2023 விதியில் கிளினிக்கில் 1,000 மணி நேரம் என்று மாற்றிவிட்டார்கள் அல்லவா?

தீப்பொறி:
"எங்கள் காலத்தில்" என்று எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுப் பேசவும்.

வெள்ளைக்கோட்டு:
புதிதாக வந்தவரிடமும் இதே தோரணைதானா?

தீப்பொறி:
தோரணை என்ன தோரணை? எண்ணிக்கையை எடுத்துவிட்டு மணி நேரம் வைத்தார்கள். மணி நேரத்தில் பாதி கம்ப்யூட்டரைப் பார்த்தே போகிறது. இதைப் பற்றித் தனி இழை திறக்கிறேன், தைரியம் இருந்தால் அங்கே வாருங்கள்.

கிராமத்து டாக்டர்:
திறங்கள். அங்கேயும் நீங்கள் மட்டும்தான் பேசப்போகிறீர்கள்.