கற்பனை நாட்டின் படைக்கு யோசனை தேவை

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு நாவலுக்காகச் செந்தரை என்ற நாட்டையும் அதன் படையையும் உருவாக்கி வருகிறேன். ராணுவத்தில் பணியாற்றியவர்கள் கைகொடுக்க வேண்டும்.

செந்தரை வணிகர்கள் அமைத்த நாடு. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்கள் இருக்கின்றன அல்லவா, அந்த நாட்டிலும் ஒன்பது படைப்பிரிவுகள். ஆள் எடுப்பதும், மணமான தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணும் நம் புள்ளிக் கணக்கில்தான். சேருகிறவனுக்கு ஒரு வெண்கலக் கும்பா தருவார்கள். நம் சீர்ச் சாமான்களில் இருப்பதுபோல் அதன் விளிம்பில் அவன் விலாசம், அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கும். போரில் இறந்தவனின் கும்பா வீட்டுக்குப் போகாது. படைக்கொட்டிலில் கவிழ்த்து வைக்கப்படும். இதை மட்டும் யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

இனிதான் சிக்கல். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் ஒரு பிளாட்டூன் என்பது வரை படித்துத் தெரிந்துகொண்டேன். அரிசி, செருப்பு, சம்பளம் எல்லாம் யார் பொறுப்பில் இருக்கும்? என் கதையில் கணக்கப்பிள்ளை தளபதிக்கே தோட்டா தர மறுக்கிறார். நடக்கக்கூடியதா?

இரண்டு பிரிவுகள் ஒன்றாக அணிவகுத்தால் முன்னால் நிற்பது யார், பழைய பிரிவா, அதிகம் வென்ற பிரிவா? முதல் மரியாதைக்காக ஊர்த் திருவிழாக்களில் நடக்கும் சண்டைகளைப் பார்த்தவன் நான். இதற்கு எழுதப்பட்ட விதி ஏதாவது இருந்தாக வேண்டும்.

போர் முழக்கமும் வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டின் ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ ஒரே மூச்சில் முடிகிறது. நான் எழுதியவை எல்லாம் வெண்பா அளவுக்கு நீள்கின்றன. சுருக்கமாக ஒன்று சொல்லுங்கள்.