கரண்ட் வந்ததும் அவசரமாக ஏற்றியதில் பேட்டரி உப்பியது: உங்கள் அனுபவம் என்ன?

யாங்கோன், தாமுவே:
எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். தெருப் பிள்ளைகள் "மீ லாபி!" (பர்மிய மொழியில் "கரண்ட் வந்துவிட்டது") என்று கத்தினால்தான் கரண்ட் வந்தது தெரியும். உடனே சோறு, தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் ஒன்றாக ஓடும். போன சித்திரையில், கிடைத்த நேரத்துக்குள் நிரப்பிவிடும் ஆசையில், 100 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரிக்கு 30 ஆம்பியர் சார்ஜரை மாட்டினேன். தூசி படாமலிருக்க மேலே அப்பாவின் பழைய கைலியைப் போர்த்தியிருந்தோம்.

"ஏம்ப்பா, அழுகிய முட்டை வாடை அடிக்கிறதே?" என்று அம்மாதான் முதலில் கேட்டார். கைலியை விலக்கினால் பேட்டரியின் பக்கச்சுவர் உப்பியிருந்தது. தொட்ட கையை உடனே எடுத்துவிட்டேன். கிளிப்பைப் பிடுங்கவில்லை; பிடுங்கும்போது பொறி பறக்கலாம், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். சுவரில் சுவிட்சை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, அம்மாவைக் கீழே அனுப்பினேன்.

மறுநாள் பேட்டரிக் கடைப் பெரியவர் மூடிகளைத் திறந்து காட்டினார். இரண்டு அறைகளில் தண்ணீர் உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளின் மேல்விளிம்புக்குக் கீழே போயிருந்தது. தண்ணீர் குறைந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் தண்ணீர் இன்னும் வற்றும். "நூறுக்குப் பத்து போதும் தம்பி" என்றார். புதுப் பேட்டரிக்கு இப்போது 10 ஆம்பியர்தான். டிஸ்டில்ட் வாட்டரைத் தட்டு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி ஏற்றுகிறேன். மீதியை ஏற்றி முடித்த பிறகு ஊற்றுகிறேன். கைலி இல்லை, சுவரிலிருந்தும் நான்கு விரல் தள்ளியிருக்கிறது. இரவில் ஒரு மின்விசிறியோடு நிறுத்திக்கொள்கிறோம். குறைவாக எடுத்தால் குறைவாக ஏற்றினால் போதுமே.

மோல்மீன்:
என்னுடையது லித்தியம் பேட்டரி போட்ட மின்சார பைக். கடையிலிருந்து உச்சி வெயிலில் வந்த வேகத்திலேயே செருகிவிடுவேன். லித்தியத்தில் 45 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது; வெயிலில் ஓடிய பேட்டரி அதை நெருங்கியிருக்கும். ஒரே வருடத்தில் பாதித் தூரம்தான் ஓடியது. இப்போது குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, கை சூடு உணராவிட்டால்தான் செருகுகிறேன். படுக்கை அறையில் வைப்பதே இல்லை.

யாங்கோன், தாமுவே:
அண்ணே, நீங்கள் சொன்னதும் நேற்றிரவு மகளின் கைபேசியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தேன். செருகியபடியே இருந்தது, உறை கொதித்தது. உறையைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன்.