பெய்ஜிங் 2008 4×100 ரிலே: 46.06 அடிச்ச லீசாக்குக்கு ஏன் உலக சாதனை இல்ல?

ஈரத்தலை:
யூட்யூப்ல 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் ஆண்கள் 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலே பைனல் வீடியோ கண்ணுல பட்டுச்சு. அமெரிக்க நீச்சல் வீரர் பெல்ப்ஸ் வாங்கின எட்டு தங்கத்துல இதுவும் ஒண்ணுன்னு தெரியும், ஆனா பார்த்தா இதுல அவர் ஹீரோவே இல்ல, முதல் ஆளா நீந்தி முடிச்சுட்டு மிச்ச நேரமெல்லாம் கரையில நின்னு கத்திட்டுதான் இருக்கார். அமெரிக்க டீம்ல கடைசியா இறங்கின ஜேசன் லீசாக், 32 வயசாம், நல்லா முன்னாடி போயிட்டிருந்த பிரான்ஸ் அலான் பெர்னார்டைத் துரத்திப் பிடிச்சு 0.08 செகண்ட்ல ஜெயிச்சுட்டாரு.

இப்ப டவுட்டு என்னன்னா, லீசாக் அந்த 100 மீட்டரை 46.06ல முடிச்சிருக்கார். அதே ரேஸ்ல ஆஸ்திரேலியாவோட முதல் ஆள் ஈமன் சலிவன் 47.24, அவருக்கு 100 மீட்டர் உலக சாதனைன்னு போடுறாங்க. ஒரு செகண்டுக்கு மேல வேகமா போனவருக்கு எதுவும் இல்லையா? அப்புறம் கமெண்ட்ல எல்லாம் பெர்னார்ட் பயத்துல சொதப்பிட்டான்னு திட்டி வச்சிருக்காங்க, அது நெசமா?

சுவர்_தொடு:
முதல் கேள்விக்கு பதில் சிம்பிள். ரிலேல முதல் ஆளு மட்டும்தான் விசில், பீப் சத்தம் கேட்டு, நின்ன இடத்துல இருந்து குதிக்கிறாரு, தனி ரேஸ் மாதிரியே. அதனால அவர் டைம் மட்டும் 100 மீட்டர் சாதனைக்கு கணக்குல வரும். மத்த மூணு பேரும் முன்னாடி வர்ற ஆளைப் பார்த்துக்கிட்டே கையை வீசி உடம்பை முன்னால சாய்ச்சு, அவர் சுவரைத் தொடவும் இவர் கால் குதிக்கிற மேடையை விட்டுக் கிளம்பவும் சரியா இருக்கிற மாதிரி பாய்வாங்க. பீப் கேட்டு ரியாக்ட் பண்ற நேரம் இவங்களுக்கு கிடையாது, அதுல மட்டும் சாதாரணமா அரை செகண்டுக்கு மேல லாபம்.

ரொம்ப ஆசைப்பட்டு சீக்கிரம் பாய்ஞ்சா டீமே அவுட். மெஷின் கணக்குல 0.03 செகண்ட் வரைக்கும் முன்னாடி போனா விட்டுடுவாங்க, அதுக்கு மேல போச்சுன்னா அவ்ளோதான். 2007 மெல்போர்ன் உலக சாம்பியன்ஷிப்ல மெட்லி ரிலே (நாலு பேரும் நாலு விதமா நீந்துறது) ஹீட்ஸ்ல, அதாவது தகுதிச் சுற்றுல, இயன் க்ராக்கர் 0.04 முன்னாடி பாய்ஞ்சாரு, ஒரே ஒரு நூறாவது பங்கு செகண்ட், மொத்த அமெரிக்க டீமும் வெளிய. பெல்ப்ஸ் அங்க ஏழு தங்கத்தோட நின்னதுக்கு அதான் காரணம், அந்த ஹீட்ல அவர் நீந்தவே இல்ல பாவம்.

ஸ்ப்ளிட்_பைத்தியம்:
ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன், ஏன்னா பெர்னார்டைத் திட்டுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். ரேஸுக்கு முன்னாடி அமெரிக்காக்காரங்களை அடிச்சு நொறுக்கத்தான் வந்திருக்கோம்னு பேட்டி குடுத்தாரு, சரி, வாய் ஜாஸ்திதான், அதுக்காக எல்லாரும் காத்திருந்து கலாய்ச்சாங்க. ஆனா டைமை எடுத்துப் பாருங்க.

அமெரிக்கா: பெல்ப்ஸ் 47.51, வெபர்-கேல் 47.02, கல்லன் ஜோன்ஸ் 47.65, லீசாக் 46.06, மொத்தம் 3:08.24.
பிரான்ஸ்: லெவோ 47.91, ஜிலோ 47.05, பூஸ்கே 46.63, பெர்னார்ட் 46.73, மொத்தம் 3:08.32.

பெர்னார்ட் 46.73 நீந்தியிருக்காரு, லீசாக்கை விட்டா அந்த பைனல்ல அதைவிட வேகமா போனது அவங்க டீம் பூஸ்கே மட்டும்தான். இதுவா சொதப்பல்? பிரான்ஸ் எங்க கோட்டை விட்டுச்சுன்னு கேட்டா நான் முதல் ஆளைத்தான் காட்டுவேன். லெவோ பெல்ப்ஸ்கிட்ட 0.40 விட்டாரு, அதுல பாதி குறைஞ்சிருந்தாலே தங்கம் அவங்களுக்கு. ஆனா முதல் 100ஐ யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க, கடைசில எவன் கை ரெண்டாவதா படுதோ அவன் தலையிலதான் எல்லாப் பழியும்.

பெர்னார்ட் பண்ணின தப்புன்னா அது ரெண்டு. ஒண்ணு, 0.59 லீடோட குதிச்சவர் அதை வச்சு நிதானமா போயிருக்கலாம், முதல் 50ஐ 21.27ல பறந்துட்டாரு. லீசாக் 21.50. அப்ப திரும்பும்போது இடைவெளி 0.82 ஆயிடுச்சு, டிவில பார்த்தவங்க எல்லாம் முடிஞ்சுதுன்னே நினைச்சாங்க, லீசாக்கே அந்த இடத்துல இனி முடியாதுன்னு ஒரு செகண்ட் தோணுச்சுன்னு பின்னாடி சொல்லியிருக்காரு. அடுத்த 50ல பெர்னார்டுக்கு கை கால் கனத்துப் போச்சு, 25.46. லீசாக் 24.56. சரியா 0.90 இங்கயே போச்சு. ரெண்டாவது தப்பு, அமெரிக்கா 4வது லேன், பிரான்ஸ் 5வது லேன், பெர்னார்ட் நடுவுல போகாம லீசாக் பக்கத்து கயித்தை ஒட்டியே போனாரு. லீசாக்கும் கயித்தை ஒட்டி வந்து அவர் கிளப்புற அலையில சவாரி பண்ணிட்டாரு, லாரிக்குப் பின்னாடியே சைக்கிள் ஓட்டுற மாதிரி, காத்து தடுக்காது.

இன்னொண்ணு. மூணு நாள் கழிச்சு தனி 100 மீட்டர் பைனல்ல ஜெயிச்சது யாரு? இதே பெர்னார்ட், 47.21. லீசாக் 47.67, பிரேசிலோட சியேலோவும் அதே டைம், ரெண்டு பேருக்கும் வெண்கலம். இப்ப கழிச்சுப் பாருங்க. பெர்னார்டுக்கு ரிலேக்கும் தனிக்கும் வித்தியாசம் 0.48, அதாவது ரிலே ஸ்டார்ட்ல வர வேண்டிய லாபத்தைவிட கொஞ்சம் கம்மி, பெருசா ஒண்ணும் இல்ல. லீசாக்குக்கு வித்தியாசம் 1.61! ஸ்டார்ட், அலை எல்லாத்தையும் கழிச்சாலும் மிச்சம் நிக்குது. அந்த மிச்சத்துக்கு என்கிட்ட கணக்கு இல்ல, அந்த மனுஷன் அன்னைக்கு அப்படி நீந்தினாரு, அவ்ளோதான்.

குளத்தங்கரை:
எல்லாம் நீச்சல் டிரெஸ் செஞ்ச வேலைங்க. அந்த வருஷம் ஸ்பீடோ எல்இசட்ஆர் ரேசர்னு ஒரு டிரெஸ் போட்டுட்டு எல்லாருமே சாதனை பண்ணாங்க. அந்த பைனல்ல அஞ்சு டீம் பழைய உலக சாதனையைத் தாண்டுச்சு, அஞ்சாவதா வந்த ஸ்வீடன் உட்பட! இதையெல்லாம் அதிசயம்னு கொண்டாடுறது கொஞ்சம் ஓவர்.

ஸ்ப்ளிட்_பைத்தியம்:
டிரெஸ் உதவுச்சு, மறுக்கல. ஆனா பிரான்ஸும் அதே காலத்து டிரெஸ்தானே போட்டுச்சு, அப்ப யார் யாரை ஜெயிச்சாங்கங்கிறதுல டிரெஸ் எங்க வருது? அடுத்த வருஷம் 2009 ரோம்ல இதைவிட மோசமான முழுக்க பாலியூரித்தேன்ங்கிற பிளாஸ்டிக்ல செஞ்ச டிரெஸ் எல்லாம் போட்டுட்டு வந்தாங்க, அங்கயும் அமெரிக்கா ஜெயிச்சது 3:09.21லதான். 2010 ஜனவரில இருந்து அதெல்லாம் தடை. இன்னும் 3:08.24ஐ யாரும் தொடல அண்ணே. 2025 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்ல ஆஸ்திரேலியா 3:08.97ல தங்கம் வாங்குச்சு, அதுவே முக்கால் செகண்ட் பின்னாடி.

குளத்தங்கரை:
ஆனா லீசாக்கோட 46.06 போயிடுச்சே தம்பி. பாரிஸ் 2024 மெட்லி ரிலேல சீனாவோட பான் ஜான்லே கடைசி ஆளா வந்து 45.92. ஷார்ட்ஸ் மாதிரி சின்ன டிரெஸ்தான் போட்டிருந்தாரு.

ஸ்ப்ளிட்_பைத்தியம்:
ஆமா அதுக்கு நான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன் 🙏 16 வருஷம் ஆச்சு அதைத் தாண்ட, அதையும் பாருங்க.

பழைய_டிவி:
இந்த ரேஸோட சூடு புரியணும்னா முன்கதை தெரியணும். இந்த ரிலே அமெரிக்காவோட சொந்த சொத்து மாதிரி, ஒலிம்பிக்ஸ்ல வச்சப்பெல்லாம் அவங்கதான் ஜெயிப்பாங்க. 2000 சிட்னிலதான் முதல்முறையா உடைஞ்சுது. அதுக்கு முன்னாடி அமெரிக்க டீம் கேரி ஹால் ஜூனியர் ஆஸ்திரேலியாவை கிடாரை உடைக்கிற மாதிரி உடைப்போம்னு எழுதி வச்சாரு, கடைசில இயன் தோர்ப் அவரையே முந்திட்டாரு, ஆஸ்திரேலியா பசங்க கரையில நின்னு இல்லாத கிடாரை வாசிச்சுக் காட்டுனாங்க. 2004 ஏதென்ஸ்ல அதைவிட மோசம், தென்னாப்பிரிக்கா உலக சாதனையோட தங்கம், நெதர்லாந்து வெள்ளி, அமெரிக்கா மூணாவது. இந்த ரெண்டு தோல்விலயும் டீம்ல இருந்தவர் லீசாக். அதான் கடைசி 50ல விடலைன்னு நான் நினைக்கிறேன், 20 வயசுப் பையனா இருந்தா வெள்ளி போதும்னு இருந்திருப்பான்.

2012 லண்டன்ல கதை அப்படியே உல்டா. அமெரிக்காவோட கடைசி ஆளா ரயன் லாக்டி லீடோட குதிச்சாரு, யானிக் ஆன்யெல் 46.74 அடிச்சு முந்தி பிரான்ஸுக்கு தங்கம். 2008ல அழுத லெவோவும் ஜிலோவும் அந்த டீம்ல இருந்தாங்க. எனக்கென்னமோ அதுதான் இன்னும் நல்ல ரேஸ், ஆனா பெல்ப்ஸ் எட்டு தங்கம் கதையில அது வராததால யாரும் பேசுறதில்ல.

ஈரத்தலை:
செம தகவல் எல்லாருக்கும் நன்றி. 2008ல நான் ஸ்கூல்ல இருந்தேன், இந்த ரேஸ் பத்தி ஒரு வார்த்தை கேட்ட ஞாபகம் இல்லையே, நம்ம ஊர்ல போடவே இல்லையா?

பழைய_டிவி:
போட்டாங்க. ஆனா தேதியைப் பாருங்க, 2008 ஆகஸ்ட் 11. அதே நாள்லதான் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள்ல தங்கம் வாங்கினாரு, இந்தியாவோட முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். அன்னைக்கு இங்க எந்த சேனல்காரன் லீசாக்கைப் பத்திப் பேசுவான்? அமெரிக்க டிவிக்கு ராத்திரி பிரைம் டைம்ல வரணும்னு நீச்சல் பைனல் எல்லாத்தையும் பெய்ஜிங் காலையில வச்சாங்க, அதனால நமக்கு ஸ்கூல், ஆபீஸ் கிளம்புற நேரம் வேற.

ஈரத்தலை:
ஓ, பிந்த்ரா நாளா அது! கடைசியா ஒண்ணு, ஹீட்ஸ்ல வேற நாலு பேர் நீந்தின மாதிரி இருக்கு, அவங்களுக்கும் மெடல் உண்டா?

சுவர்_தொடு:
உண்டு. ஹீட்ஸ்ல ஏட்ரியன், ஜோன்ஸ், வைல்ட்மன்-டோப்ரினர், கிரேவர்ஸ் நாலு பேரும் 3:12.23 அடிச்சு உலக சாதனையே பண்ணிட்டாங்க, அமெரிக்காவோட பி டீம்னு வச்சுக்கங்க. அதுல ஜோன்ஸ் மட்டும் பைனலுக்கு வந்தாரு. மத்த மூணு பேர் பைனலை கேலரில இருந்துதான் பார்த்தாங்க, தங்கம் அவங்களுக்கும் குடுத்தாங்க, மேடை ஏத்த மாட்டாங்க. அவங்க சாதனை ஒரு நாள் கூட முழுசா நிக்கல.