ஜயன்ட் ப்ரொப்பெல் 2014: முன் பிரேக்குக்கு மாற்று வேண்டும்

வணக்கம் அண்ணன்களே. சைக்கிள் ஜயன்ட் ப்ரொப்பெல் அட்வான்ஸ்ட், 2014 மாடல், ரிம் பிரேக், லெவர் ஷிமானோ 105. முன் பிரேக் ஃபோர்க்கின் பின்புறம் ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன வி-பிரேக்தான் (இரு பக்கமும் ஒவ்வொரு கை வந்து ரிம்மை அழுத்தும் வகை) பிரச்சினை.

மூன்று வாரத்துக்கு முன் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போய் மழையில் நனைந்து திரும்பினேன், துடைக்காமல் அப்படியே சாத்தி வைத்தேன் (என் தப்புதான்). மறுநாள் பார்த்தால் பிரேக்கின் இடது கை திரும்பி வரவில்லை. கழற்றினால் ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டாக முறிந்து கிடக்கிறது. இப்போது லெவரை விட்டாலும் பிளாக் ரிம்மை உரசிக்கொண்டே இருக்கிறது.

பசார் பக்கத்துச் சைக்கிள் கடைத் தவுக்கே (முதலாளி) ஒரு மவுண்டன் பைக் வி-பிரேக்கை மாட்டிப் பார்த்தார். அதன் கை நீளமானது, ரோட் லெவர் இழுக்கும் கேபிள் அதற்குப் போதாது, லெவர் ஹேண்டில்பாரில் போய் முட்டியது. சாதாரண ரோட் கேலிப்பரும் (நடுவில் ஒரே போல்ட்டில் மாட்டும் பிரேக்) முடியாது, ஃபோர்க்கில் நடு ஓட்டையே கிடையாது. ஈப்போவில் இரண்டு கடை ஏறி இறங்கினேன், ஸ்டாக் இல்லை. வேறு ஸ்பிரிங்கை வளைத்து வைத்தேன், இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, அதுவும் செம்பனை லோரிக்குப் பின்னால் இறக்கத்தில் கைவிட்டது. அப்புறம் எடுக்கவே பயம்.

இதே ஃபிரேமில் வேறு பிராண்ட் மினி வி-பிரேக் (கை குட்டையான வி-பிரேக்) மாட்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், எந்த மாடல், கை எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியுமா?