முன்வரிசையில் நின்றவர்களுக்குக் குரல் கேட்டதா?

முன்வரிசை எழுதியது:

சனிக்கிழமை இரவு அந்த நால்வர் குழு வாசித்தபோது அரங்கில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இருந்தால் தயவுசெய்து பேசுங்கள். நிகழ்ச்சி இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. கூடவே இரண்டு கேள்விகள் குடைந்துகொண்டே இருக்கின்றன.

நான் நின்றது மேடையை ஒட்டி, கிதார் கலைஞர் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல் பலகைக்கு ஓர் எட்டுத் தூரத்தில். மேடை என் முழங்கால் உயரம்தான். தடுப்புக் கம்பி எதுவும் கிடையாது. அவர் பெடலை மிதிக்கும்போது எழும் ‘டக்’ ஓசைகூட, பாடல் அடங்கும் இடங்களில் கேட்டது. பாடல் வரிசையை ஒரு தாளில் எழுதித் தரையில் ஒட்டியிருந்தார். நான்காவது பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறொரு பெயரை எழுதியிருந்தார். அந்த அடித்தல் திருத்தலைப் பார்க்க முடிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டு ஆல்பங்களாக நான் கேட்டுவந்த இசை, கடைசி நிமிடத்தில் மனம் மாறுகிற மனிதர்களுடையது என்பது அங்கேதான் உறைத்தது.

என் முதல் கேள்வி பாடகியின் குரலைப் பற்றியது. உதடுகள் அசைவது தெரிந்தது, கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது, சொற்கள் மட்டும் வந்து சேரவில்லை. வரிகள் எல்லாம் மனப்பாடம் என்பதால் நானே நிரப்பிக்கொண்டேன். பின்னால் நின்றவர்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

இரண்டாவது, தந்தி அறுந்த அந்தப் பாடல். மெதுவாகப் போய்க்கொண்டிருந்த பாடலின் நடுவில் கிதாரின் மெல்லிய தந்தி அறுந்தது. அவர் மண்டியிட்டுக் கிதாரோடு போராடிக்கொண்டிருக்க, பேஸ் கிதாரும் டிரம்ஸும் நிற்கவே இல்லை. டிரம்ஸ் கலைஞர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சு முனைக் கோல்களை எடுத்துப் பெரிய சிம்பல் தட்டில் மெல்ல மெல்ல, இடைவிடாமல் தட்ட ஆரம்பித்தார். பேஸ் கலைஞர் இரண்டே சுரங்களில் நின்றார். பாடகி மைக்கை விட்டு விலகி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த அலை மெல்ல எழுந்து அரங்கு முழுவதும் பரவிய பிறகு, கிதார் ஒற்றைச் சுரத்தோடு திரும்ப வந்தது. ஆல்பத்தில் இப்படி ஒரு பகுதியே இல்லை. எனக்கு அன்றைய இரவின் உச்சம் அதுதான். இது முன்பே திட்டமிட்டதா, அந்த நொடியில் பிறந்ததா?

யாரிடமாவது ஒலிப்பதிவு இருந்தாலும் சொல்லுங்கள்.

மிக்ஸர்_பக்கம் எழுதியது:

நான் பின்னால், ஒலிப்பொறியாளரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். குரல் தெள்ளத்தெளிவாகக் கேட்டது. கடைசிப் பாடலில் அவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. உங்களுக்குக் கேட்காமல் போனதற்கு நீங்கள் நின்ற இடம்தான் காரணம்.

சின்ன அரங்குகளில் நானும் ஒலி வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். டிரம்ஸுக்கும் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கும் தாமாகவே சத்தம் உண்டு. மைக் இல்லாவிட்டாலும் அவை அறையை நிரப்பிவிடும். குரலுக்கு அந்த வலு கிடையாது. மேடையின் இரு பக்கமும் இருக்கும் ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் அது வந்தாக வேண்டும். அந்த ஸ்பீக்கர்கள் கூட்டத்தின் நடுவையும் பின்புறத்தையும் பார்த்து இருக்கும். மேடையை ஒட்டி நிற்பவர் அவற்றின் வீச்சுக்கு வெளியே, ஆம்ப்ளிஃபயரின் நேர் முன்னால் இருக்கிறார். பெரிய அரங்குகளில் முன்வரிசைக்கென்று மேடை விளிம்பில் தனியாகச் சிறிய ஸ்பீக்கர்கள் வைப்பார்கள். இந்த அளவு அரங்கில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது.

குரலை ஏற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். ஓர் எல்லைக்கு மேல் ஏற்றினால் ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து ‘கீ’ என்று ஊளையிடும். அறை சிறியதாக இருந்தால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். அன்று மேசையில் இருந்தவர் நல்ல வேலைக்காரர். ஆள் வராத வெற்று அறையில் சரிபார்த்த ஒலி, ஆட்கள் நிறைந்ததும் மாறிவிடும். உடலும் உடையும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். முதல் இரண்டு பாடல்களுக்குள் அவர் அதை ஈடுகட்டிவிட்டதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

இன்னொன்று. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறீர்கள், காதடைப்பான் போட்டிருந்தீர்களா? உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட இசை அரங்குகளுக்கான தரத்தில், சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். டிரம்ஸுக்குப் பக்கத்தில் அதைத் தாண்டுவது சுலபம். இசைக்கென்றே செய்த காதடைப்பான்கள் சத்தத்தைக் குறைக்குமே தவிர, இசையின் நிறத்தை அதிகம் கெடுக்காது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு_தந்தி எழுதியது:

தந்தி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நிச்சயம் திட்டமிட்டதல்ல. அவர் வைத்திருந்தது ஸ்பிரிங்கின் மேல் மிதக்கும் பாலம் (தந்திகளைத் தாங்கும் அடிப்பகுதி) உள்ள கிதார். அந்த வகையில் தந்திகளின் இழுவையும் ஸ்பிரிங்கின் இழுவையும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கும். ஒரு தந்தி அறுந்தால் ஸ்பிரிங் பக்கம் கை ஓங்கிவிடும். மிச்சம் உள்ள ஐந்து தந்திகளும் இறுகி, சுருதி மேலே ஏறிவிடும். அதாவது ஒன்று போனதும் எல்லாமே போய்விடும். அவர் மண்டியிட்டு ஐந்தையும் புதிதாகச் சுருதி சேர்த்தார். அதற்குத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது. ஒற்றைச் சுரத்தோடு திரும்பியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் முழுக் கார்டை (chord) நம்பிப் போட அப்போது அவருக்குத் துணிவு வந்திருக்காது.

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. அதைத்தான் நான் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்ந்து வாசித்துப் பழகாதவர்களுக்கு இது வராது.

கதவோரம் எழுதியது:

குரல் கேட்டது, ஆனால் எனக்குப் பாடகியே தெரியவில்லை. முன்னால் நின்றவர்களின் தோள்கள்தான் தெரிந்தன. இருந்தும் எனக்கு நிறைவாகவே இருந்தது. இடைவேளையில் அவர் தானே மேசைக்குப் பின்னால் நின்று இசைத்தட்டு விற்றார். நான் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி ஏதோ உளறலாகச் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார்.

முன்வரிசை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காதடைப்பானைப் பற்றிச் சொன்ன நண்பருக்குக் கூடுதல் நன்றி. அது எப்போதும் என் பையில் இருக்கும், அன்றும் போட்டிருந்தேன்.

மண்டியிட்டது சுருதி சேர்க்க என்று தெரிந்த பிறகு அந்தப் பகுதி எனக்கு இன்னும் பெரிதாகிவிட்டது. அதனால்தான் ஒலிப்பதிவுக்குத் தவிக்கிறேன். ஃபியூகாசி என்ற அமெரிக்க ராக் குழுவினர் 1987 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள்; அவற்றில் எண்ணூறுக்கு மேல் அவர்களது ஒலிப்பொறியாளர்களே பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011-இலிருந்து அவற்றை இணையத்தில் வெளியிட்டுவருகிறார்கள். ஒவ்வொரு சிறு குழுவும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆல்பம் எங்கேயும் போய்விடாது. தந்தி அறுந்த அந்தச் சில நிமிடங்கள் போனால் போனதுதான்.

மிக்ஸர்_பக்கம் எழுதியது:

நல்ல செய்தி. அன்று மிக்ஸரிலிருந்து, அதாவது எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் அந்த மேசையிலிருந்து, நேரடியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒலிப்பொறியாளரிடம் கேட்டுவிட்டேன், குழு சம்மதித்தால் தருவதாகச் சொன்னார்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் குரல் ஓங்கியும் கிதார் மெலிந்தும் இருக்கும். மேடையிலேயே கிதார் சத்தமாக இருந்ததால், மிக்ஸர் வழியே அதை மிகக் குறைவாகத்தான் அனுப்பியிருப்பார். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிரான பதிவு அது. உங்களைப் போல முன்னால் நின்ற யாராவது கைப்பேசியில் பதிவு செய்திருந்தால், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம். காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகும். ஸ்பீக்கரிலிருந்து கைப்பேசி எவ்வளவு தள்ளி இருந்ததோ அதற்கேற்ப ஒன்றை நகர்த்தினால் போதும், இரண்டும் பொருந்திவிடும்.

அந்தப் பாடல் மட்டும் இருந்தாலும் சரி. வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள், சேர்க்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.