சப்பாத்தியில் புதுசா ஏதாவது செய்யப்போய் மாட்டிக்கொண்டவர்கள் வரவும்

அடுப்படிப்பூனை:

சனிக்கிழமை ராத்திரி சுட்டதில் ஐந்து சப்பாத்தி மிச்சம். பொண்ணு ஒரு வாரமாகப் பீட்சா கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். சரி, இரண்டு கணக்கையும் ஒன்றாகத் தீர்ப்போம் என்று தக்காளித் தொக்கைத் தடவி, வெங்காயம், குடைமிளகாய் தூவி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீஸ் ஸ்லைஸ் போட்டு, தோசைக்கல்லில் மூடிவைத்து, சிம்மில் ஐந்து நிமிடம். அடி மொறுமொறுவென்று வந்தது. தொக்கு எண்ணெய் பிரிய வதங்கியது என்பதால் சப்பாத்தி ஊறவில்லை. இதே பாட்டில் சாஸ் என்றால் சொதசொதத்திருக்கும். அதுவரை எனக்குப் பெருமைதான்.

மாமனாருக்கு 74 வயது. எதை வைத்தாலும் குறை சொல்ல மாட்டார். தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பி வருகிறேன், சீஸை ஓரத்தில் நகத்தால் நெம்பி, பாலாடை எடுக்கிற மாதிரி முழுசாக உரித்து, கறிவேப்பிலையோடு தட்டோரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார். கீழே இருந்த தொக்குச் சப்பாத்தி காலி. "நல்லா இருந்துச்சும்மா. மேல இருந்த பிளாஸ்டிக்க மட்டும் எடுக்க மறந்துட்ட போல" என்றார்.

நான் சிரிக்கப்போன நேரத்தில் பொண்ணு அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். சிரிப்பு அடங்கியதும்தான் சந்தேகம் வந்தது. குப்பைக் கூடையைக் கவிழ்த்து எண்ணினேன். போட்டது ஐந்து ஸ்லைஸ். உறை நான்குதான் இருக்கிறது. "சீஸ்தாம்மா, உப்பா இருந்துச்சு" என்று அவள் சத்தியம் செய்கிறாள். அப்படியென்றால் ஐந்தாவது உறை எங்கே? மூன்று நாளாக இதே நினைப்பு.

சமையல்சாமி:

முதல் தப்பு, ஸ்லைஸ் வாங்கியது. அது பிரெட்டுக்கு நடுவில் வைக்கத்தான் சரி. அதில் சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் மாதிரி உப்புகள் சேர்த்திருப்பார்கள். அதனால்தான் சூடு பட்டதும் கொழுப்பு தனியாக, தண்ணீர் தனியாகப் பிரியாமல் ஒரே ஏடாகக் குழைந்து உட்காரும். ஆறினால் உங்கள் மாமனார் உரித்த மாதிரி உரித்தும் வரும். அவர்மேல் குற்றமே இல்லை. மொஸரெல்லா வாங்கித் துருவுங்கள். துருவியதை ஃப்ரீசரில் வைத்திருந்தால் சப்பாத்தி அடுப்பில் ஏறிய பிறகு தூவுங்கள், முன்னாலேயே தூவினால் தண்ணீர் விடும். சப்பாத்தியையும் முதலில் ஒரு பக்கம் மொறுமொறுப்பாக வாட்டி, வாட்டிய பக்கத்தில் தொக்கைத் தடவ வேண்டும். குடைமிளகாயைப் பச்சையாகப் போடாதீர்கள், தனியாக வதக்குங்கள். மூடிக்கு உள்பக்கம் வேர்க்கிற தண்ணீர் மேலே சொட்டும், அதனால் மூடியை ஒரு துணியில் கட்டி மூடுவது நல்லது. இன்னொன்று, மீந்த சப்பாத்தியைவிட...

சரி, என் கதை. பன்னீர் துருவிப் போட்டு அரைமணி நேரம் அது உருகும் உருகும் என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எலுமிச்சை ஊற்றித் திரித்த பன்னீர் எத்தனை சூட்டிலும் உருகாது, புளிப்பில் அதன் கால்சியம் கரைந்து மோரோடு போய்விடுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, புட்டு வெந்துடுச்சா?" என்று கேட்டாள். பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் வீட்டில் அதற்குப் புட்டு பீட்சா என்றுதான் பெயர்.

மேன்ஷன்வாசி:

திருவல்லிக்கேணியில் நான்கு பேர் ஒரே அறையில் இருந்த காலம். சப்பாத்தி சப்பாத்தியாகவும் இருக்க வேண்டும், குல்சா மாதிரி உப்பவும் வேண்டும், குஜராத்திகள் தேப்லாவில் போடுகிற வெந்தயக்கீரையும் மஞ்சளும் வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. அரைக்கிலோ கோதுமை மாவு, கீரை, தாராளமாக மஞ்சள்தூள், சமையல் சோடா இரண்டு ஸ்பூன். யாரிடமும் கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றிப் பிசைய ஆரம்பித்தேன். விரல் போன இடமெல்லாம் சிவப்பு. முதலில் கையை வெட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். பிசையப் பிசைய வெள்ளைப் பேசின் முழுக்க சிவந்த மாவு, நடுவில் பச்சைப் பச்சையாகக் கீரை. அறை நண்பன் குளித்துவிட்டு வந்து, துண்டோடு நின்று, ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "யாருக்குடா ஆரத்தி?"

அதேதான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஏன் சிவக்கிறதோ, சோடா சேர்த்தாலும் அதற்காகவே சிவக்கிறது. இரண்டும் காரம், உறைக்கிற காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான காரம். ஒன்று சுட்டும் பார்த்தோம், துணி சோப்பு வாடை. அவன் எலுமிச்சம்பழம் பிழிந்தான், பிழிந்த இடம் மட்டும் திரும்ப மஞ்சளாகிவிட்டது. நான்கு எம்.ஏ. பட்டதாரிகள் பசியை மறந்துவிட்டுச் சப்பாத்தியில் எலுமிச்சை பிழிந்து விளையாடிக்கொண்டிருந்தோம். ராத்திரிக்கு டீயும் பன்னும்.

கோவைக்கிளி:

தயிர் ஊற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. புளிப்பு சோடாவை முறித்திருக்கும், மாவும் உப்பியிருக்கும். அரைக்கிலோவுக்கு அரை ஸ்பூன் போதும், இரண்டு ஸ்பூன் எந்த ஊர் கணக்கு?

மேன்ஷன்வாசி:

இருபது வயசுக் கணக்கு, அக்கா.

கம்பாலாவிலிருந்து:

இங்கே உகாண்டாவில் தெருவுக்குத் தெரு 'ரோலெக்ஸ்' விற்கிறார்கள். கைக்கடிகாரம் இல்லை. முட்டையை அடித்து, முட்டைக்கோஸ், தக்காளி, வெங்காயம் போட்டு ஆம்லெட் ஊற்றி, அதன்மேல் சப்பாத்தியை அழுத்தி, சுருட்டித் தருவது. 'ரோல்டு எக்ஸ்' என்று சொல்லிச் சொல்லி ரோலெக்ஸ் ஆகிவிட்டது. சப்பாத்திக்கு இங்கேயும் சப்பாத்தி என்றே பெயர். மைதாவில், எண்ணெய் தாராளமாக ஊற்றி, நம்முடையதைவிடத் தடிமனாகப் போடுவார்கள். 1896-ல் கென்யாக் கடற்கரையிலுள்ள மொம்பாசாவிலிருந்து இந்தப் பக்கமாக ரயில் பாதை போடத் தொடங்கியபோது பஞ்சாப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் கூலியாட்களைக் கூட்டிவந்தார்கள், வியாபாரிகளும் வந்தார்கள். அவர்கள் கையோடு வந்த ரொட்டி இது.

மக்கெரேரே பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் வண்டெகெயாவில் ஒரு பையனிடம் தினமும் வாங்குவேன். ஒருநாள் அம்மா அனுப்பிய இட்லிப்பொடி சட்டைப் பையில் பொட்டலமாக இருந்தது. சுருட்டுவதற்கு முன்னால் நானே ஆம்லெட்டின் மேல் தூவினேன். கரி அடுப்புச் சூட்டில் எள்ளும் பெருங்காயமும் மணத்ததும் பக்கத்துக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பையன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான், கண்ணில் தண்ணீர், ஆனாலும் விடவில்லை, இன்னொரு சிட்டிகை. மறுநாளிலிருந்து நான் போனால் முட்டையை உடைப்பதற்கு முன்னாலேயே உள்ளங்கையை நீட்டுவான். நீட்டிக்கொண்டு சிரிப்பான். "வெபாலே செபோ" என்பான், நன்றி ஐயா என்று.

வேலை மாறி ஊருக்குள்ளேயே வேறு பக்கம் போய்விட்டேன். கடைசி நாள் பாட்டில் பாதி நிறைந்திருந்தது, கொடுத்திருக்கலாம். அடுத்த பார்சல் எப்போது வருமோ என்று கையை இறுக்கிக்கொண்டேன். அந்தப் பாதி பாட்டில் அப்புறம் வண்டு விழுந்து குப்பைக்குத்தான் போனது.

பரோட்டாபாண்டி:

கதை நல்லா இருக்கு. ஆனால் இதில் புதுசு என்ன? எங்கள் மதுரையில் முட்டை வீச்சு போடாத கடை உண்டா? கல்கத்தாவில் பரோட்டாவில் கறியைச் சுருட்டித் தருகிற காட்டி ரோல் எத்தனை காலமாக இருக்கிறது. கம்பிக்குப் பதில் மூங்கில் குச்சியில் கறியைக் கோர்த்தார்கள், அந்தக் குச்சிக்குக் காட்டி என்று பேர். கூப்பிடுகிற பேர் மாறினால் பலகாரம் மாறிவிடுமா?

கம்பாலாவிலிருந்து:

வீச்சில் முட்டை உள்ளே போகிறது, மாவோடு மடிகிறது. இதில் ஆம்லெட் தனி, சப்பாத்தி தனி. சுருட்டும்போதுதான் சேர்கிறது. தவிர, நான் புதுசு என்று எங்கே சொன்னேன்? பொடியைப் பற்றிச் சொன்னேன்.

பரோட்டாபாண்டி:

சரி, பொடிக்கு விட்டுக்கொடுக்கிறேன். இனிமேல் அந்தப் பக்கம் போனால் ஒரு பொட்டலம் கொண்டுபோங்கள்.

சமையல்சாமி:

இட்லிப்பொடியை ஆம்லெட்டில் அப்படியே தூவுவதைவிட நல்லெண்ணெயில் குழைத்து...

அடுப்படிப்பூனை:

சமையல்சாமி அண்ணா, கும்பிடு. மொஸரெல்லா அடுத்த மாச பட்ஜெட்.

உறை கிடைத்துவிட்டது. இன்றைக்கு மாவு பிசைந்துவிட்டுச் சப்பாத்திப் பலகையைத் திருப்பிக் கழுவும்போது பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு மூலையில் மஞ்சளாகச் சீஸ் தீற்றலோடு. ஓடிப்போய் மாமாவிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு நான் உரிச்சது என்ன?"

"அது சீஸ் மாமா."

"நானும் அதத்தானேம்மா சொன்னேன்" என்று உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ராத்திரிக்கு அந்தத் தொக்கு சப்பாத்தியே போடு, மேல ஒண்ணும் வேணாம்" என்றார்.