அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டால் வாயுவும் போய்விட்டதா?

புதுக்கை:
கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நேற்று ஒரு சேற்றுத் தொட்டியின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே இல்லை. கூட இருந்தவர் "காத்தோட போயிடுச்சு, இறங்கு" என்றார். வாயு அளக்கும் மீட்டர் வரட்டும் என்று நான் நின்றுவிட்டேன், அதற்குக் கேலியும் வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னதில் ஏதாவது இருக்கிறதா?

லேப்வாசி:
இல்லை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஒரு பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு) கூட வேண்டாம், அதில் சிறு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் 100 பிபிஎம் பக்கம் போனால் சில நிமிடத்தில் மோப்பம் மரத்துவிடும். அதனால் நாற்றம் நின்றது என்றால் வாயு போயிருக்கலாம், இல்லை ஏறியிருக்கலாம், எது என்று மூக்கால் சொல்லவே முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவும் அதே 100தான். 1000 பிபிஎம் என்றால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார், ஏனென்றால் சயனைடு மாதிரியே இதுவும் செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்குகிறது.

பழைய ஃபிட்டர்:
தம்பி, நீ நின்றது சரி, கேலி செய்தவரை விடு. இது காற்றைவிடச் சற்றுக் கனம், அடியில்தான் தேங்கும். மூடிப் பக்கத்தில் மட்டும் மீட்டரைக் காட்டி சுழியம் என்று எழுதிவிட்டு இறங்குகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். குழாயை இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும், ஆக்சிஜனையும் சேர்த்து. பார்த்த பிறகும் மீட்டர் உடம்பிலேயே இருக்கட்டும், ஏனென்றால் சேற்றைக் கால் கலக்கினால் உள்ளே கரைந்து கிடப்பது மொத்தமாகக் கிளம்பும். அப்புறம், ஒருவர் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதே. இந்த வாயுவில் காப்பாற்றப் போனவர்தான் அடுத்த பிணம். மேலேயிருந்து கயிறு போட்டு இழுக்க ஏற்பாடு இருக்க வேண்டும், உள்ளே போனால் காற்று சிலிண்டரோடுதான், வடிகட்டி முகமூடி எல்லாம் இதற்கு ஆகாது.

லேப்வாசி:
இன்னொன்று, அந்தத் தொட்டியில் யாராவது அமிலம் ஊற்றினார்களா? பிஎச் (அமிலம் எவ்வளவு என்று காட்டும் அளவு, குறையக் குறைய அமிலம் அதிகம்) 7 சுமாருக்குக் கரைந்த சல்ஃபைடில் பாதி வாயு வடிவில் இருக்கும், 9க்கு மேல் பெரும்பாலும் அயனியாகத் தண்ணீரிலேயே கிடக்கும். அடைப்பு எடுக்க அமிலம் விட்டால் கிடந்தது முழுக்க மேலே வரும்.

புதுக்கை:
அமிலம் விட்டதாகத் தெரியவில்லை, கேட்கிறேன். ஆனால் மூடியின் அடிப்பக்கம் கான்கிரீட் பொடிப்பொடியாக உதிர்கிறது, அதுவும் இதனால்தானா? சல்ஃபர் டை ஆக்சைடும் இப்படி மூக்கை ஏமாற்றுமா?

லேப்வாசி:
உதிர்வதற்கு இதுதான் காரணமாக இருக்கும். மேலே ஈரத்தில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அந்த வாயுவைக் கந்தக அமிலமாக்கி கான்கிரீட்டைத் தின்கிறது, தண்ணீருக்கு மேலே இருக்கும் பகுதிதான் முதலில் போகும். சல்ஃபர் டை ஆக்சைடு வேறு குணம்: கண், தொண்டை எரிந்து இருமல் பிடுங்கும், ஆளை விரட்டிவிடும். ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொஞ்சமே போதும், மூச்சு இறுக்கிவிடும்.

பழைய ஃபிட்டர்:
அப்படி உதிர்கிறது என்றால் அந்த மூடிமேல் ஏறி நிற்காதே, முதலில் அதைச் சொல்லி மாற்ற வை.